பி ஃபோர் வந்த கோடை

இருபத்தாறு என்று காட்ட வேண்டிய இடத்தில் பி ஃபோர் என்று காட்டியது. முதலில் அதைப் பார்த்தவள் அக்காதான். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "இங்க வாயேண்டி, ஏசி என்னமோ எழுதறது" என்று கூப்பிட்டாள். நான் ஓடினேன். அந்த நாட்களில் நான் எதற்கும் நடந்து போனதாக ஞாபகம் இல்லை. கல்லூரி முடித்திருந்தேன், வேலை கிடைத்திருந்தது, சேரச் சொல்லி அழைப்பு மட்டும் வரவில்லை. வீட்டில் எது மக்கர் பண்ணினாலும் எனக்குக் கொண்டாட்டம்.

ஏசியின் நெற்றியில் பச்சை விளக்கில் அந்த ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மின்னி மின்னி அணைந்தன. குளிர்காற்று நின்று, வெறும் காற்று வந்துகொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் ஏற்பட்டது கவலை இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பெட்டி தன் நோயைத் தானே எழுதிக் காட்டுகிறது என்றால் அதைவிட சுவாரசியமான பெட்டி ஏது? எங்கள் மிக்ஸி இதுவரை தனக்கு என்ன என்று சொன்னதுண்டா?

"சிரிக்காதடி. கொழந்தைக்கு வேர்க்கறது" என்றாள் அக்கா.

ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றி ஓடும் தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு. வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு தெரியும், அப்படி ஒரு நீளம். கடைசி அறைதான் அக்காவுக்கு. தலைப்பிரசவத்துக்கு அவள் வருகிறாள் என்பதற்காகவே, 'அதெல்லாம் உடம்புக்கு ஆகாது' என்று எத்தனையோ கோடைகளாகச் சாதித்த அப்பா, தானே போய் ஏசி வாங்கிவந்தார். உள்பெட்டி அக்காவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில். வெளிப்பெட்டி, அறையை ஒட்டிக் கொல்லையில் இருக்கும் குளியலறையின் மேல்தளத்தில். மாடிப்படியில் பாதி ஏறி, பக்கவாட்டுக் கைப்பிடியைத் தாண்டிக் காலை வைத்தால் அந்தச் சின்னத் தளம். ஏசி வருவதற்கு முன் அங்கே காக்காயும் அணிலும்தான் போகும்.

அக்கா அந்த வீட்டில் மூன்று மாதம் இருக்க ஆசைப்பட்டாள். ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. அவள் கணவர், எங்கள் அத்திம்பேருக்கு, வெளிநாட்டில் வேலை மாற்றல் ஆகியிருந்தது. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் கிளம்ப வேண்டும். அப்புறம் எப்போது வருவது, வந்தாலும் எத்தனை நாள் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும். "இந்த மூணு மாசம் எனக்கு வேணும்" என்று பிரசவத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். அம்மா சமைக்கும் பத்தியத் தளிகை, கொல்லைக் கிணற்றடி, விடிகாலையில் கோயில் பக்கமிருந்து வரும் நாகஸ்வரம், இதையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துப் போகிறவள் மாதிரிதான் ஒவ்வொரு நாளும் இருந்தாள்.

ஆனால் அது கத்திரி வெயில். திருச்சியில் கத்திரி வெயில் என்றால் காலை ஒன்பது மணிக்கே சுவர் சுடும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டிப் படுக்கவைக்கும் பத்து மணிவாக்கில்தான் பி ஃபோர் வந்தது. முதல் நாள் வந்தது. மறுநாளும் வந்தது. அதே பத்து மணி சுமாருக்கு அக்காவின் மாமியார் சென்னையிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார், பேத்தியைப் பார்க்க. பேத்தி சிவந்து, கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குருவோடு, வீறிட்டு அழுதுகொண்டிருக்கும். பக்கத்தில் அம்மா பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருப்பாள். இப்படி ஒரு காட்சியைத் தினமும் பார்த்தால் எந்தப் பாட்டிக்குத்தான் பொறுக்கும்?

"ஏசி என்ன ஆச்சு?" என்றார் மாமியார்.

"பி ஃபோர் மாமி" என்று நான் நடுவில் மூக்கை நுழைத்தேன்.

"அது என்னது, ஆள் மாதிரி சொல்றே?"

ஆள் மாதிரிதான் ஆகிவிட்டிருந்தது. காலையில் அம்மா தளிகை உள்ளிலிருந்து, "வந்துட்டானாடி?" என்று கேட்பாள். "இன்னும் வரலைம்மா" என்போம். சற்றுப் பொறுத்து அக்கா, "வந்துட்டான், வந்துட்டான்" என்று குரல் கொடுப்பாள். உடனே நான் போய் மெயின் ஸ்விட்சை அணைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி போடுவேன். நல்ல பிள்ளையாக இருபத்தாறு காட்டும். குழந்தை கண்ணயரும் நேரம் பார்த்து மறுபடி வருவான்.

முதல் நாளே போனில் தேடினேன். தேடினால் கிடைக்காதது எது? பி ஃபோர் என்றால் உள்பெட்டியில் தண்ணீர் வடியவில்லை என்று அர்த்தம் என ஓர் இடத்தில் இருந்தது. அப்புறம் என்ன? ஸ்டூல், வாளி, டார்ச். தண்ணீர் வடியும் குழாயில் வாயை வைத்து ஊதினேன். அது மறுமுனையில் ஊதியது. கொல்லையில் வாளியோடு நின்ற அப்பாவின் தலையில் ஒரு குவளைத் தண்ணீர்.

"ரெண்டாந்தரம் ஸ்நானம் பண்ணி வச்சுட்டா உன் பொண்ணு" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே அப்பா மறுபடி குளிக்கப் போனார்.

பிறகுதான் புரிந்தது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அகராதி. ஒருவருக்குத் தண்ணீர் என்பது இன்னொருவருக்கு மின்சாரம். நான் படித்தது வேறு யாரோ ஒரு பெட்டியின் நோய். எங்கள் பெட்டியோடு வந்த கையேட்டை அலமாரியில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியிலிருந்து உருவி எடுத்தேன். அதில் பி ஃபோருக்கு எதிரே இருந்தது: வெளிப்பெட்டியில் அழுத்தம் மிகுதி. பெட்டிக்குக் காற்று தடைபடுகிறதா என்று பாருங்கள். தடை எதுவும் இல்லையென்றால் பழுது பார்ப்பவரை அழையுங்கள்.

இதன் விஷயம் எளிது. அறையில் இருக்கும் சூட்டை உள்பெட்டி வாரி அனுப்பும். வெளிப்பெட்டி தன் முதுகுப் பக்கம் காற்றை இழுத்து, அந்தச் சூட்டை முன்பக்கம் ஊதித் தள்ளும். முதுகில் காற்று வராவிட்டால் சூடு உள்ளேயே முட்டும். முட்டினால், வெடித்துத் தொலையாமல் இருப்பதற்காகத் தானே நின்றுகொள்ளும். நின்று, உள்ளே எழுதிக் காட்டும்.

அன்று மத்தியானம் சாப்பிட்டதும் ஏறினேன். வெளிப்பெட்டியின் மேல் புறா கட்டியிருந்த குச்சிக் கூட்டை, முட்டை இல்லை என்று பார்த்துக்கொண்டு, எடுத்தேன். பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, கேட்டுக்கொண்டு ஒடித்தேன். முதுகுக் கம்பிகளைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துத் தண்ணீர் விட்டேன். கீழே வந்து ஏசியைப் போட்டால் பிரமாதம். மத்தியானம் முழுக்க, ராத்திரி முழுக்க ஓடியது. நான் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். மறுநாள் காலை, பத்து மணி. "வந்துட்டான்" என்றாள் அக்கா.

அது காலையில் மட்டும்தான் வரும். இதை நான் கண்டுபிடித்தபோது என் ஆர்வம் இரட்டிப்பானது. தெருவில் எல்லா வீட்டிலும் மோட்டார் போடுகிற நேரம், கரண்ட் குறைகிறது என்றேன். இல்லை, வெயில் அந்த நேரத்தில்தான் குளியலறைத் தளத்தில் நேராக அடிக்கிறது என்றேன். ஒரு கிழிந்த குடையைக் கொண்டுபோய்ப் பெட்டியின் தலைக்கு மேல் கட்டினேன்.

"பெருமாளுக்குக் குடை பிடிப்பா. நீ ஏசிக்குப் பிடிக்கறே" என்றாள் அம்மா.

வியாழக்கிழமை மாமியார் வீடியோவில் முடிவாகச் சொல்லிவிட்டார். கோபமாக இல்லை. அதுதான் கஷ்டம், கோபமாக இருந்தால் அக்கா பதில் சொல்லியிருப்பாள். "கொழந்தை உடம்பைப் பாரும்மா. எனக்கு இங்க சாதம் இறங்கல. ஞாயித்துக்கெழம நாங்க வண்டி எடுத்துண்டு வரோம். அதுக்குள்ள சரியாச்சுன்னா நீ இரு. இல்லேன்னா ரெண்டு பேரையும் அழைச்சுண்டு வந்துடறோம். இதுவும் உன் வீடு, உன் ஆம்தானே?"

அக்கா "சரிம்மா" என்றாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ படிச்ச படிப்பெல்லாம் இதுக்குக்கூட ஒதவலேன்னா எதுக்குடி?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை.

உறையூரிலிருந்து மெக்கானிக் அண்ணன் ஏற்கெனவே ஒரு முறை, ஒரு மத்தியானத்தில், வந்து பார்த்திருந்தார். அப்போது ஏசி சமர்த்தாக ஓடியது. இந்தத் தடவை நான் கெஞ்சினேன்: "அண்ணா, காலைல பத்து மணிக்கு வாங்க. அப்பத்தான் அது மாட்டும்." வெள்ளிக்கிழமை, காவிரிப் பாலத்து நெரிசலைத் தாண்டி, சட்டையெல்லாம் நனைந்து வந்து சேர்ந்தார். சற்று முன்னால்தான் பி ஃபோர் வந்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா, "ஒரு நிமிஷம் இருங்கோ, மேல வழி ஒழிச்சுட்டு வந்துடறேன்" என்று படியேறிப் போய் வந்தார்.

அப்பா எதை ஒழித்தார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அது எங்கள் வீட்டில், விருந்தாளி வந்தால் நாற்காலி மேல் கிடக்கும் துண்டை எடுப்பது போல ஒரு காரியம்.

அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா தினமும் காலையில் பெருமாளுக்குத் திருவாராதனப் பூஜை பண்ணுகிறவர். அதற்கு உடுத்தும் பஞ்சகச்ச வேஷ்டியை அவரே துவைத்து, அவரே உலர்த்துவார். உலர்ந்ததும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே, பெருமாள் உள் என்கிற பூஜை அறைக்குக் கொண்டுபோய்விடுவார். அடுத்த நாள் காலையில் குளித்துவிட்டு அவர் எடுக்கிற வரைக்கும் அதை யாரும் தொடக்கூடாது. வேறு துணியும் அதன் மேல் படக்கூடாது. பட்டால் மறுபடி நனைக்க வேண்டும். அதற்குப் பெயர் மடி. நீளமான மூங்கில் கொம்பு ஒன்று இருக்கிறது. மடித்துணியை அதன் நுனியில் ஏந்தித்தான் கொடியில் போடுவது, எடுப்பது எல்லாம். சின்ன வயதிலிருந்து நானும் அக்காவும் மொட்டை மாடியில் ஓடிப்பிடித்து விளையாடும்போதுகூட அந்த வெள்ளைத் துணியை மட்டும் வளைந்து, குனிந்து, சுற்றிக்கொண்டு ஓடுவோம். எங்கள் கண்ணுக்கு அது ஒரு துணியே இல்லை. சுவர் மாதிரி, தூண் மாதிரி, சுற்றிப் போக வேண்டிய ஓர் இடம்.

மெக்கானிக் அண்ணன் ஏறினார், மூடியைத் திறந்தார், மீட்டரை வைத்தார். "போடுங்க மேடம்" என்றார். போட்டேன். இருபத்தாறு. குளுகுளுவென்று ஓடியது. அவர் ஒரு காபி குடித்தார். அப்பாவோடு கொள்ளிடத்தில் தண்ணீர் வருமா என்று பேசினார். இரண்டாவது காபியும் குடித்தார். பி ஃபோர் வரவில்லை.

"அண்ணா, நிஜமா வந்துது. போட்டோகூட இருக்கு" என்று போனைக் காட்டினேன்.

"நான் இல்லைங்கலையே. இதுக்கு என்னைக் கண்டா பயம், அதான். என் போட்டோ ஒண்ண பெரிசா போட்டு பக்கத்துல மாட்டி வச்சிருங்க, மூச்சு காட்டாது."

"வெளையாடாதீங்கண்ணா. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாகணும்."

"எல்லாம் சுத்தமா இருக்கு, கேஸ் கரெக்டா இருக்கு. போர்டுதான் சந்தேகமா இருக்கு. சென்னைலேருந்து வரணும். அடுத்த வாரம் ஆயிடும்ங்க" என்றார். அவர் மீது தப்பே இல்லை. அந்த நேரத்தில் அவர் பார்த்தது ஆரோக்கியமான ஒரு பெட்டியை.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் அப்பா மறுபடி படியேறிப் போய் வந்தார். அம்மா குழந்தையை மாற்றுத் துணியில் சுற்றினாள். இந்தத் தடவை அக்கா அறையிலிருந்து கூப்பிடவில்லை. நானாகப் போய்ப் பார்த்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, குழந்தையின் சட்டைகளை ஒரு பையில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏசியின் நெற்றியில் பி ஃபோர் மின்னிக்கொண்டிருந்தது.

"எதுக்குக்கா இப்பவே?"

"அப்பறம் அவசரத்துல எதாவது விட்டுப் போயிடும்டி."

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலேயே சென்னையிலிருந்து கிளம்பிவிட்டதாக அத்திம்பேரிடமிருந்து செய்தி வந்தது. மத்தியான சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். அம்மா கல்யாண வீடு மாதிரி தடபுடலாகத் தளிகை ஆரம்பித்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை நாளும் நாங்கள் செய்தது ஒரே காரியம் என்று திடீரென்று உறைத்தது. பி ஃபோர் வந்த பிறகு, அதாவது பெட்டி நின்ற பிறகுதான் போய்ப் பார்த்திருக்கிறோம். அது ஓடிக்கொண்டிருக்கும்போது, நிற்கப் போகிற அந்த நேரத்தில், பக்கத்தில் யாராவது இருந்திருக்கிறோமா?

ஒன்பதரைக்கே குளியலறைத் தளத்தில் ஏறி, பெட்டிக்குக் கட்டியிருந்த குடையை அவிழ்த்து நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தளம் தோசைக்கல். கீழே ஜன்னல் வழியாக அக்காவின் குரல் கேட்கும் தூரம்.

"போடட்டுமா?"

"போடு!"

பெட்டி ஒரு கனைப்போடு கிளம்பியது. முன்பக்கம் சுடுகாற்று. எல்லாம் சரியாக இருந்தது. பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடம். அந்தச் சுவரில் பழைய ஆணிகள் இரண்டு. அவற்றில் கட்டிய கயிற்றில் அப்பாவின் மடி வேஷ்டி தொங்கியது, பெட்டியை விட்டு நன்றாகத் தள்ளி. ஈரமாக, கனமாக, ஆடாமல் அசையாமல். வழக்கம்போல அதை விட்டு விலகி உட்கார்ந்து நான் மற்றதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பிகளை, குழாய்களை, ஒயர்களை.

வெயில் ஏறியது. வேஷ்டி உலர்ந்துகொண்டே வந்தது. ஓரம் முதலில் அசைந்தது. காவிரிக் காற்று என்று நினைத்தேன். ஆனால் என் குடை அசையவில்லை. அப்புறம் வேஷ்டியின் கீழ்ப்பாதி மெல்ல எழுந்து, யாரோ கூப்பிட்டதுபோலப் பெட்டியின் முதுகை நோக்கிப் போனது. ஒரு முறை தொட்டு விலகியது. மறுபடி போனது. அப்புறம் 'தப்'பென்று மொத்த வேஷ்டியும் மடிப்பு மடிப்பாகப் பெட்டியின் முதுகில் அப்பிக்கொண்டது. தாயின் முதுகில் தொற்றிக்கொள்ளும் குழந்தை மாதிரி. பெட்டியின் சத்தம் மாறியது. மூச்சு வாங்கியது. கனைத்தது. இன்னும் கொஞ்சம் முக்கியது. நின்றது.

"வந்துட்டான்!" என்றாள் அக்கா கீழேயிருந்து.

காத்தாடி நின்றதும் வேஷ்டி முதுகை விட்டு நழுவி, பழையபடி சுவரோடு சுவராக, ஒன்றும் அறியாத பிள்ளையாகத் தொங்கியது.

"அக்கா! வந்தவன் வேஷ்டி கட்டிண்டு வந்திருக்காண்டி!" என்று கத்தினேன்.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். முதல் கேள்வி: "தொட்டியா?"

"தொடலைப்பா."

"நிச்சயமா?"

"பெருமாள் மேல சத்தியமா தொடலை. நீங்களே வந்து பாருங்கோ."

அப்பா நம்பவில்லை. வந்து, கைப்பிடியைத் தாண்டி, என் பக்கத்தில் நின்றார். மறுபடி ஏசியைப் போடச் சொன்னேன். வேஷ்டி இப்போது முழுதாக உலர்ந்திருந்தது, அதனால் தாமதமே இல்லை, பெட்டி கிளம்பியதும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. அப்பா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் இங்க போட்டா சித்த நேரத்துல மொறமொறன்னு உலந்துடறது" என்றார் கடைசியில். "நான் வெயில்தான்னு நெனச்சேன்."

நான்கைந்து நாள் முன்னால் சாப்பிடும்போது இதையே அவர் சந்தோஷமாகச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. நாங்கள் எல்லோரும் "ஓ, அப்படியா" என்று மோர் விட்டுக்கொண்டோம்.

"ஏம்ப்பா இங்க வந்து போட்டேள்? மாடில கொடி இல்லையா?"

அப்பா மேலே கையைக் காட்டினார். மொட்டை மாடியில் மூன்று கொடி. மூன்றிலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குழந்தையின் துணிகள். நனைத்து நனைத்து மாற்றும் சதுரத் துணிகள், வெள்ளை வெளேரென்று, காற்றில் படபடவென்று. "அதுல ஒண்ணு பறந்து வந்து பட்டா மடி போயிடும். கொழந்தை துணியை நகத்துன்னு நான் சொல்ல முடியுமா? அம்மா பாவம், நாள் முழுக்கத் தோய்க்கறா. அதான் ஒதுங்கிண்டேன்."

அந்தச் சதுரங்களைப் பார்த்தேன். அத்தனையும் அப்பாவின் பழைய வேஷ்டிகள். புதுத் துணி குழந்தைக்குக் குத்தும் என்று, கட்டிக் கட்டிப் பஞ்சாய்ப் போன வேஷ்டிகளை அம்மா பிரசவத்துக்கு முன்பே கிழித்துத் தைத்து வைத்திருந்தாள்.

"உங்க பழைய வேஷ்டியெல்லாம் சேந்து புது வேஷ்டியை வெரட்டிடுத்துப்பா" என்றேன்.

அப்பா சிரித்தார். பிறகு, கீழே ஜன்னல் பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்ப அவ இருக்கலாமா?"

மூங்கில் கொம்பைக் கொண்டுவந்து வேஷ்டியை எடுத்தார். நான் முன்னால் ஓடி ஏசியைப் போட்டேன். பெட்டி ஒரு தும்மல்கூட இல்லாமல் ஓடியது. இருபத்தாறு. அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடி அந்த எண்ணையே பார்த்தாள். நான் அப்பாவின் வேஷ்டி நடந்துகொண்ட விதத்தை நடித்துக் காட்ட, அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை திடுக்கிட்டு விழித்து மறுபடி தூங்கியது.

"நாளைலேருந்து மடியை எங்க உலத்துவேள்?" என்று அம்மா கேட்டாள்.

"ஈரத்தையே சுத்திண்டு பண்ணிடறேன். அதுவும் மடிதானே."

"நன்னாருக்கு. மார்கழில அப்படித்தான் ஒரு மாசம் இருமினேள்."

இந்தப் பேச்சு முடியவில்லை, வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். சீக்கிரமே வந்துவிட்டார்கள். அப்பா அப்போது நடையில் இருந்தார், கொம்பு நுனியில் வேஷ்டியோடு, பெருமாள் உள்ளுக்குப் போகிற வழியில். எங்கள் வீட்டு நடையில் ஓர் ஆள் போக ஓர் ஆள் ஒதுங்க வேண்டும். எதிரே சம்பந்தி மாமி, பின்னால் பழக்கூடையோடு அத்திம்பேர். அப்பாவால் வாங்கோ என்று கையைக் கூப்ப முடியவில்லை. கீழே வைக்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. வெள்ளைக் கொடி பிடித்துச் சரணடைகிறவர் மாதிரி நின்றார்.

மாமி ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். "மடியா? நகருடா, நகரு. சுவரோட ஒட்டிக்கோ" என்று மகனைச் சுவரில் அழுத்தித் தானும் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்து ஒதுங்கினார். "நீங்க போங்கோ மாமா, எங்க மேல படல." அப்பா தலைகுனிந்து கடந்து போனார்.

அறைக்குள் வந்த மாமி பேத்தியைக் கழுத்து, முதுகு, முழங்கை மடிப்பு என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏசிக்கு எதிரே உட்கார்ந்தார். "இப்ப சரியா ஓடறது. வருவானா உங்க பி ஃபோர்? பாத்துட்டுத்தான் எழுந்துப்பேன்" என்றார். கட்டிலுக்கு அடியில் அக்கா அடுக்கிவைத்த பை இருந்தது. அதை அவரும் பார்த்தார்.

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். மெக்கானிக்கின் போட்டோ வரைக்கும். மாமி முதலில் சிரிக்காமல் கேட்டார். மெக்கானிக் வந்து நின்றதும் அப்பா ஓடிப்போய் வேஷ்டியை எடுத்துவைத்த இடம் வந்ததும் அவரால் முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அதுக்கு ஏன் மொட்டை மாடி? எங்க ஃப்ளாட்டுல கொடி கட்ட எடமே கெடையாது. நாங்க மடியை ஏசி ரூம்லதானே உலத்தறோம். ராத்திரி போட்டா கார்த்தால மொறமொறன்னு இருக்கும். ஒரு தூசி கெடையாது, ஒரு காக்கா கெடையாது." மகனைப் பார்த்தார். "நீதான் ஒசரமா இருக்கியே, சும்மா நிக்கறியே? மேல அந்த வளையத்துலேருந்து ஜன்னல் கம்பிக்கு ஒரு கயிறு கட்டு."

உத்தரத்தில் பழைய ஊஞ்சல் வளையம் ஒன்று இருந்தது. அத்திம்பேர் ஸ்டூல் போட்டுக் கட்டினார், யார் தலையும் இடிக்காத உயரத்தில். அப்பா வாசற்படியில் நின்று, "வேண்டாம், கொழந்தை ரூம்ல எதுக்கு" என்று சொல்லிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் மேல ஏத்தலாமோ" என்றும் சொன்னார்.

சாப்பாடு ஆயிற்று. மாமி மறுபடி அதே நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்தார். விடிகாலைப் பயணம், மத்தியான தளிகை, இருபத்தாறு. தலை சாய்ந்தது. அக்கா தலையணை ஒன்றைக் கொண்டுபோய் முட்டுக் கொடுத்தாள். பாட்டியும் பேத்தியும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கியதை நான் போனில் படம் பிடித்தேன்.

காபி நேரத்துக்கு எழுந்தவர் முதலில் ஏசியைத்தான் பார்த்தார். பிறகு குழந்தையை. "நன்னா தூங்கறது. இதை எழுப்பி வண்டில போட்டு, அந்த வெயில்ல எங்க அழைச்சுண்டு போறது?" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, அக்காவிடம் கொடுத்தார். "அலமாரில வை. சட்டையெல்லாம் கசங்கறது பாரு."

அம்மா மணப்பாறை முறுக்கு ஒரு தூக்கு நிறையக் கட்டிக் கொடுத்தாள். கார் கிளம்பியதும் அக்கா வாசலிலிருந்து உள்ளே வந்து, என் காதைப் பிடித்துத் திருகினாள். எங்கள் வீட்டில் நன்றி என்பதற்கு அதுதான் வழக்கு.

அப்புறம் பி ஃபோர் வரவே இல்லை. மறுநாள் காலையில் அப்பா முதல் தடவையாக அந்தக் கயிற்றில் வேஷ்டியை உலர்த்தினார், கொம்பால், வாசற்படியிலிருந்து எட்டி. ஏசிக் காற்றில் அது மெல்ல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடியது. கீழே மல்லாந்து கிடந்த குழந்தை அழுகையை நிறுத்தியது. அதன் கண் வேஷ்டியோடு போயிற்று, வேஷ்டியோடு திரும்பியது. அதுவரை எதையும் அப்படித் தொடர்ந்து பார்த்ததில்லை. "ஏய், பாக்கறதுடி! பாக்கறது!" என்று அக்கா கூவ, அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். அந்தக் கோடை முழுக்க எங்களுக்கு அதுதான் வேடிக்கை. மத்தியானங்களில் எல்லோரும் அந்த ஒரே அறையில், பாய் போட்டு, சீட்டாடி, வழக்கடித்து, மேலே வெள்ளையாக ஆடும் வேஷ்டிக்குக் கீழே கிடப்போம். ஏசி ஆகாது என்ற அப்பாவும், "வேஷ்டி உலந்துடுத்தான்னு பாக்க வந்தேன்" என்று சொல்லி வந்து, சுவரோரம் படுத்துக் குறட்டை விடுவார்.

மூன்றாவது மாதம் முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள், முதலில் சென்னைக்கு, பிறகு கடல் தாண்டி. எனக்கும் அழைப்பு வந்து நானும் ஊரை விட்டேன். இப்போது மொட்டை மாடியில் மூன்று கொடியும் காலி. அப்பா எங்கே வேண்டுமானாலும் உலர்த்தலாம். ஆனால் உலர்த்துவது அந்த அறையில்தான்.

போன தீபாவளிக்கு நான் வீட்டில் இருந்தபோது அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். ஜன்னலுக்கு வெளியே அவர்களுக்குப் பனி. கம்பளிச் சட்டையும் குல்லாயுமாகக் குழந்தை, குழந்தை என்ன, இப்போது நன்றாகவே பேசுகிறாள், எப்போது கூப்பிட்டாலும் அந்த அறையில் உட்கார்ந்தே பேசும் தாத்தாவைத் தாண்டி அவர் தலைக்கு மேலே எதையோ தேடினாள்.

"தாத்தா, ஏன் ஆடல?"

"எதும்மா?"

"வேஷ்டி."

அப்பா திரும்பிப் பார்த்தார். கயிற்றில் வேஷ்டி அசையாமல் தொங்கியது. வெளியே ஐப்பசி மழை, அறையே சில்லென்று இருந்தது. "அது உலந்துடுத்துடா கண்ணு" என்றார்.

"ஏசி போடு தாத்தா."

அப்பா எழுந்து போய் ரிமோட்டை எடுத்தார்.